கூர்நோக்கு இல்லப் பையன்களுக்கு வழிகாட்டியாகப் போக என்ன தகுதி வேண்டும்?

நீங்கள் வேலைக்குப் போகிற, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வாக இருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். படிப்புத் தகுதி பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. காவல்துறைச் சரிபார்ப்புதான் கேட்டார்கள், அது கைக்கு வர நாலு மாதம் ஆயிற்று.

கூர்நோக்கு இல்லத்தில் விசாரணை முடியும் வரைதான் பையன்கள் இருப்பார்கள். பழகுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். நான் போனது சிறப்பு இல்லம். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம், குற்றம் செய்ததாக முடிவான பையன்களை அங்கே அதிகபட்சம் 3 ஆண்டு வரை அனுப்பலாம். ஊரையும் இல்லத்தையும் சொல்லவில்லை; சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுப்படி பையனை அடையாளம் காட்டுவது குற்றம். (கேக்கோடு வந்து பையன்களை வரிசையில் நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் தேவலை.)

எனக்கு ஒப்படைத்த பையனுக்கு 16 வயது, பைக் திருட்டு வழக்கு. இரண்டு மாதம் "சரி சார்" தவிர வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் என் ஸ்கூட்டர் சத்தத்தைக் கேட்டு, "கார்புரேட்டர்ல அழுக்கு சார்" என்றான். என் கை தானாகப் பாக்கெட்டில் சாவியைத் தடவியது. அதை அவன் பார்த்துவிட்டான்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவன் வெளியே வரவில்லை. நான் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். "நீயெல்லாம் வழிகாட்டியா" என்று கேட்கப் போகிறவர்கள் கேளுங்கள், நானே கேட்டுக்கொண்டதுதான். நாலாவது வாரம் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கி, சாவியை அவனிடம் கொடுத்துக் கார்புரேட்டரைக் கழுவித் தரச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கழற்றினான். அப்புறம்தான் பேச்சு வந்தது.

வெளியே வந்ததும், வேலை கேட்கும் இடத்தில் பழைய வழக்கைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டான். அதே சட்டத்தின் 24வது பிரிவைக் காட்டினேன்: 16 வயதுக்கு மேல் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, இவனுடையது போன்ற வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. இந்த மாதிரி விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள், தன்னம்பிக்கைப் பேச்சு வேண்டாம்.

இப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஸ்கூட்டரில் கார்புரேட்டரே கிடையாது; என் புது ஸ்கூட்டரில் சென்சார் கோளாறு என்று சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் என்னிடம் 3,400 ரூபாய் கறந்தார்கள், பிரச்சினையும் தீரவில்லை. இவன்தான் சரி செய்தான். 600 ரூபாய் கேட்டான். குறைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான்.