அபோகுரோமேட் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: நான் 120 மி.மீ. விட்டமும் எஃப்/5 குவிய விகிதமும் (குவியத்தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு) கொண்ட அக்ரோமேட் தொலைநோக்கியைப் பயன்படுத்துகிறேன். வேகா விண்மீனைப் பார்த்தாலும் நிலவின் விளிம்பைப் பார்த்தாலும் ஊதா நிறம் படர்ந்து தெரிகிறது. நிறப்பிழையை இன்னும் நன்றாகத் திருத்தும் அபோகுரோமேட் வாங்கினால் இது முற்றிலும் நீங்கிவிடுமா?

பதில்: நல்ல கருவியாக இருந்தால், கண்ணால் பார்க்கும்போது நீங்கிவிட்டதாகவே தோன்றும், கேமரா அவ்வளவு எளிதில் ஏமாறாது. கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட அதிகமாக வளைப்பதால், ஒற்றை வில்லையில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தொலைவில் குவிகிறது. 1758இல் ஜான் டோலண்ட் காப்புரிமை பெற்ற அக்ரோமேட், இரு வகைக் கண்ணாடிகளை இணைத்துச் சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்தில் சேர்த்தது. ஆனால் பச்சை அந்த இடத்துக்குச் சற்று முன்பாகவே குவிந்துவிடுகிறது. ஊதாவோ வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது. இந்த மிச்சப் பிழை ஏறத்தாழக் குவியத்தூரத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் கருவியின் குவியத்தூரம் 600 மி.மீ. என்பதால் பிழை 0.3 மி.மீ. வருகிறது. எஃப்/5 விகிதத்திலோ, கூர்மை கெடாமல் குவியம் நகரக்கூடிய எல்லை இருபுறமும் 0.03 மி.மீ. கூட இல்லை. பத்து மடங்குக்கு மேல் மீறிய அந்தப் பிழையைத்தான் ஊதா ஒளிவட்டமாகக் காண்கிறீர்கள். பழைய தொலைநோக்கிகள் எஃப்/15 என்று நீண்ட குழாய்களோடு செய்யப்பட்டதற்கும் இதுவே காரணம்: குவிய விகிதம் கூடும்போது அந்த எல்லை விரிந்து, பிழை அதற்குள் அடங்கத் தொடங்குகிறது.

அபோகுரோமேட் மூன்று நிறங்களை ஓரிடத்தில் சேர்க்கிறது. குறைந்த நிறச்சிதறல் கொண்ட ஈடி கண்ணாடியோ ஃபுளோரைட் படிகமோ இல்லாமல், நடைமுறையில் வாங்கக்கூடிய குழாய் நீளத்துக்குள் இதைச் சாதிப்பது கடினம்.

கேள்வி: விளம்பரங்கள் எல்லாம் எஃப்பிஎல்-53, எஃப்பிஎல்-51 என்று கண்ணாடியின் பெயரையே முன்னிறுத்துகின்றன. எஃப்பிஎல்-53 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? இரட்டை வில்லை போதுமா, மூன்று வில்லைகள் வேண்டுமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். இவை ஓஹாரா நிறுவனத்தின் கண்ணாடி வகைகள். நிறச்சிதறல் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் ஆபே எண், எஃப்பிஎல்-51க்கு 81.5 அளவிலும் எஃப்பிஎல்-53க்கு 95 அளவிலும் இருக்கிறது. ஃபுளோரைட்டும் 95ஐ ஒட்டியதே. ஹோயாவின் எஃப்சிடி-100 வகையும் அவ்வாறே. சாதாரண கிரவுன் கண்ணாடியான பிகே-7க்கு இது 64 மட்டும். எனவே எண் உயர்ந்த கண்ணாடிக்கு மதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஈடி கண்ணாடி தனியாக எதையும் செய்வதில்லை. அதனுடன் இணையும் மற்றொரு கண்ணாடி எது, குவிய விகிதம் என்ன, வில்லையின் பரப்பு எவ்வளவு துல்லியமாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது, வில்லைகள் கூட்டுக்குள் எவ்வளவு நேராக அமர்ந்திருக்கின்றன என்ற நான்கும் சேர்ந்துதான் பிம்பத்தைத் தீர்மானிக்கின்றன. எஃப்/5.5 விகிதத்தில் அவசரமாகச் செய்யப்பட்ட எஃப்பிஎல்-53 இரட்டை வில்லையைவிட, எஃப்/7 விகிதத்தில் கவனமாகச் செய்யப்பட்ட எஃப்பிஎல்-51 மூன்று வில்லைத் தொலைநோக்கி தூய்மையான படத்தைத் தரக்கூடும். துணைக் கண்ணாடியின் பெயரையும் சேர்த்து வெளியிடும் தயாரிப்பாளரிடம் எனக்குக் கூடுதல் நம்பிக்கை ஏற்படுவது வழக்கம்.

இரட்டையா மூன்றா என்பதைப் பயன்பாடு தீர்மானிக்கட்டும். 80 முதல் 100 மி.மீ. வரையிலான விட்டத்தில், எஃப்/7 அல்லது அதற்கு மேற்பட்ட விகிதத்தில், நல்ல ஈடி இரட்டை வில்லை கண் நோக்கலுக்கு முழுமையாகப் போதும். அது எடை குறைந்தது. வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு விரைவில் குளிர்ந்து இணங்கிவிடும். எஃப்/6க்குக் கீழே இறங்கி வண்ணப் படம் எடுக்க விரும்பினால் மூன்று வில்லைகளை நாடுங்கள். மூன்று வில்லைகளின் முன்பாரமும், பெரிய விட்டத்தில் குளிர்வதற்கு ஆகும் நீண்ட நேரமும் அதற்கான விலை.

கேள்வி: முதல் முறையாக ஆழ்வான் (விண்மீன்மண்டலம் போன்ற தொலைதூரப் பொருள்கள்) படங்கள் எடுக்க வாங்குகிறேன். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமரா இருக்கிறது. 130 மி.மீ. கருவியையே நேராக வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: சரியில்லை என்றே சொல்வேன். 70 முதல் 80 மி.மீ. வரை விட்டமும் 400 முதல் 500 மி.மீ. வரை குவியத்தூரமும் கொண்ட கருவியே உங்களுக்கு ஏற்றது. 480 மி.மீ. குவியத்தூரத்தில் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 2.8 பாகை அகலமும் 1.9 பாகை உயரமும் உள்ள வானப் பகுதியைப் படம்பிடிக்கும். ஆண்ட்ரோமீடா விண்மீன்மண்டலம் 3 பாகை அளவுக்கு நீண்டது. முழு நிலவின் அகலமோ அரைப் பாகைதான். குவியத்தூரத்தைக் குறைக்கும் 0.8 மடங்கு ரெடியூசர் வில்லையை இணைத்தால் குவியத்தூரம் 384 மி.மீ. ஆகி, ஆண்ட்ரோமீடா முழுவதும் சட்டகத்துக்குள் அமைந்துவிடும். அதோடு 80 மி.மீ. கருவியின் எஃப்/6 விகிதம் எஃப்/4.8 ஆகிவிடுவதால், வானப் பரப்பின் அதே ஒளியளவைச் சேர்க்க முன்பு ஆன நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும்.

பிக்சல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, மி.மீ. அளவிலான குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) மூடுகிறது என்பது கிடைக்கும். 3.76 மைக்ரான் பிக்சலும் 480 மி.மீ. குவியத்தூரமும் சேர்ந்தால் 1.6 விகலை. வளிமண்டலக் கொந்தளிப்பு விண்மீனைப் பெரும்பாலான இரவுகளில் 2 முதல் 4 விகலை வரை விரித்துவிடுவதால், தொடக்கத்தில் இதற்குமேல் நுணுக்கம் தேடுவதில் பயன் குறைவு.

கேள்வி: மேலே 130 மி.மீ. கருவியை மறுத்தீர்கள். பணம் தடையில்லை என்றால் பெரியதை வாங்குவதில் என்ன நட்டம்?

பதில்: நட்டம் மவுண்டில், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கியில் வருகிறது. 80 மி.மீ. மூன்று வில்லைக் கருவி வழக்கமாக 3 அல்லது 4 கிலோ எடையுள்ளது, 130 மி.மீ. கருவி, வளையங்களும் ஃபோகசரும் (குவியத்தைச் சரிசெய்யும் பகுதி) கேமராவும் சேர்ந்தால் 10 கிலோவைத் தாண்டிவிடும். மவுண்டின் தாங்குதிறனாகத் தயாரிப்பாளர் குறிப்பிடும் எடையில் பாதியையே புகைப்படத்துக்கு ஏற்றலாம் என்பது இத்துறையில் நீண்ட காலமாகப் புழங்கும் எச்சரிக்கையான கணக்கு. எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. நீண்ட குழாயின் முனையில் பாரமான வில்லை இருக்கும்போது சிறு காற்றும் பெரிய நெம்புவிசையாக மாறிவிடுகிறது.

குவியத்தூரம் இரட்டிப்பானால் மவுண்டின் ஒவ்வொரு தடுமாற்றமும் படத்தில் இரட்டிப்பாகத் தெரியும். கைடிங் பிழை, அதாவது விண்மீனைப் பின்தொடர்வதில் நேரும் பிசகு, உங்கள் பிக்சல் அளவைவிடக் குறைவாக, முடிந்தால் அதில் பாதியாக இருக்க வேண்டும். 1.6 விகலைப் பிக்சலுக்கு ஈடுகொடுக்கும் மவுண்டுகள் பல உண்டு, குவியத்தூரம் இரட்டிப்பாகி அது 0.8 விகலை ஆனால் ஈடுகொடுப்பவை சிலவே. ஆகையால், ஒரே தொகையைப் பிரித்துச் செலவிட வேண்டிய நிலை வந்தால், பெரிய பங்கை மவுண்டுக்குக் கொடுங்கள். எளிமையான 72 மி.மீ. இரட்டை வில்லை உறுதியான மவுண்டின்மேல் எடுக்கும் படம், தள்ளாடும் மவுண்டின்மேல் ஏற்றிய உயர்தரக் கருவியின் படத்தைத் தோற்கடிக்கும். வில்லையைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள்கூட மவுண்டைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் புரியாத புதிர்.

கேள்வி: படத்தின் நடுவில் விண்மீன்கள் புள்ளியாகவும், மூலைகளில் கோடாகவும் இருக்கின்றன. வில்லை குறைபாடுடையதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அபோகுரோமேட் நிறத்தைத் திருத்துகிறதே தவிர, குவியத்தளத்தைத் தட்டையாக்குவதில்லை. அதன் பிம்பம் வளைந்த பரப்பில் விழுகிறது. குவியத்தூரம் குறையக் குறைய அந்த வளைவு கூடும். அதனால் அதைத் தட்டையாக்கும் ஃபிளாட்னர் வில்லை தேவை. பல ஃபிளாட்னர்கள் தம் பின்புறத்திலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. தொலைவை எதிர்பார்க்கின்றன, இருப்பினும் உங்கள் மாதிரியின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஃபில்டர் இருந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நான்கு மூலைகளும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் இடைவெளியை அரை மி.மீ. வீதம் மாற்றிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் ஃபோகசர் தொங்குகிறது அல்லது சென்சார் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குப் பெட்ஸ்வால் அமைப்பு இருக்கிறது. எஃப்/5 விகிதமும் 530 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட டகாஹாஷி எஃப்எஸ்க்யூ-106 அவ்வகையில் புகழ்பெற்றது. அதில் தளத்தைத் தட்டையாக்கும் வில்லைகள் குழாய்க்குள்ளேயே உள்ளன.

கேள்வி: மூன்று வில்லைத் தொலைநோக்கி வாங்கியும் என் வண்ணக் கேமராவில் விண்மீன்கள் வீங்கித் தெரிகின்றனவே?

பதில்: உங்கள் கேமராவில் யூவி-ஐஆர் (புற ஊதா, அகச்சிவப்பு) தடுப்பு ஃபில்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வானியல் சென்சார்கள் 1000 நானோமீட்டர் வரை அகச்சிவப்பை உணர்கின்றன. வில்லையோ கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகவே திருத்தப்பட்டது. ஃபில்டர் இருந்தும் நீல வீக்கம் மிஞ்சினால், 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஊதாவை வெட்டும் ஃபில்டர் உதவும். குறுகிய அலைப்பட்டை ஃபில்டர்களைக் கருப்பு வெள்ளைக் கேமராவில் ஒவ்வொன்றாகப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கவலையே குறைவு: ஹைட்ரஜன் ஆல்பாவுக்கு 656.3, ஆக்சிஜனுக்கு 500.7 நானோமீட்டர் என ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குவியப்படுத்துவதால், இரட்டை வில்லையும் அங்கே நன்றாகவே பணியாற்றும்.

கேள்வி: நான் படம் எடுப்பதில்லை, பார்ப்பது மட்டுமே. 100 மி.மீ. அபோகுரோமேட்டா, 200 மி.மீ. ஆடித் தொலைநோக்கியா?

பதில்: மங்கலான விண்மீன்மண்டலங்களும் கோளக் கொத்துகளும் உங்கள் விருப்பமானால் ஆடித் தொலைநோக்கியை வாங்குங்கள். அது நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும். எந்த ஈடி கண்ணாடியாலும் அதை ஈடுகட்ட முடியாது. இரட்டை விண்மீன்களைப் பிரிக்கும் திறனிலும் 100 மி.மீ. விட்டத்தின் எல்லை 1.16 விகலை, 200 மி.மீ. விட்டத்தின் எல்லை 0.58 விகலை. அபோகுரோமேட்டின் சிறப்பு வேறு வகையானது: ஒளியை மறைக்கும் இரண்டாம் ஆடி இல்லாததால் அதன் பிம்பத்தில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஆடிகளை அடிக்கடி ஒழுங்குபடுத்தும் வேலையும் இல்லை.

கேள்வி: ஸ்ட்ரேல் விகிதம் 0.95 என்ற சான்றிதழுடன் வரும் கருவியை நம்பலாமா?

பதில்: ஸ்ட்ரேல் விகிதம், வில்லை குறையற்ற நிலைக்கு (1) எவ்வளவு நெருங்கியது என்பதைக் காட்டும் எண். எந்த அலைநீளத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பச்சை ஒளியில் மட்டும் அளந்திருப்பார்கள். வில்லை மிகச் சிறப்பாகச் செயல்படுவதும் அங்கேதான். நீலத்தில் அதே வில்லை வெகுவாகச் சரியலாம். உயரத்தில் இருக்கும் ஒரு வெண்ணிற விண்மீனை உயர் உருப்பெருக்கத்தில் வைத்து, குவியத்துக்குச் சற்று உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பாருங்கள். இருபுறமும் வளையங்கள் ஒத்திருந்தால் பரப்பு நன்று. வளையம் முட்டை வடிவமாகி, குவியத்தின் மறுபுறம் 90 பாகை திரும்பினால் அது உருட்சிப் பிழை (அஸ்டிக்மாடிசம்). குளிரில் மட்டும் விண்மீன் முக்கோணமாகத் தெரிந்தால் வில்லைக்கூடு கண்ணாடியை இறுக்குகிறது.

கேள்வி: ஐயா, பயன்படுத்திய கருவி ஒன்று கிடைக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வில்லை முழுவதும் புள்ளிகளாகத் தெரிகிறது. விட்டுவிடலாமா?

பதில்: டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் புதிய வில்லைகூட அழுக்காகத்தான் தெரியும். தூசியும் ஓரிரு மெல்லிய கீறல்களும் பிம்பத்தைப் பாதிப்பதில்லை. கிளைவிட்டுப் படரும் பூஞ்சையைத் தேடுங்கள். அது வில்லைகளுக்கு இடையே இருந்தால் வாங்க வேண்டாம், ஏனெனில் மூன்று வில்லைகளைப் பிரித்து மீண்டும் அதே நேர்த்தியுடன் சேர்ப்பது பட்டறைக் கருவிகள் உள்ளவர்களுக்கே இயலும். வில்லை தூய்மையாக இருந்தால், கேமராவின் எடையைத் தொங்கவிட்டு, குழாய் நேர்மேலே நோக்கிய நிலையில் ஃபோகசரை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். அது வழுக்கினால் அதை மாற்றும் செலவைக் கணக்கிட்ட பிறகே விலை பேசுங்கள்.