மேதைமை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா?

"மேதைகள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா? ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கிறான். அவனுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்றும் சொல்கிறோம். இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் உங்கள் கேள்விக்கு முழு விடை கிடைப்பதில்லை என்பதே என் கருத்து. முளை தெரிகிறது என்றால் யாருக்குத் தெரிகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

பயிற்சிதான் எல்லாம் என்று வாதிடுவோர் ஹங்கேரி நாட்டு லாஸ்லோ போல்கரைக் காட்டுவார்கள். மேதைகளை உருவாக்க முடியும் என்று உறுதியாக நம்பிய அவர், தம் மூன்று பெண்களையும் சிறுவயது முதல் வீட்டிலேயே வைத்துச் சதுரங்கத்தில் பழக்கினார். மூத்தவர் சூசன் பெண்கள் உலகச் சாம்பியனானார். இளையவர் ஜூடித் 1991இல், பதினைந்து வயதில் சதுரங்கத்தின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று, பின்னாளில் ஆண்களும் அடங்கிய உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார். நடுப்பெண் சோபியாவும் சிறந்த ஆட்டக்காரரே, ஆயினும் மற்ற இருவரின் உயரத்தை அவர் தொடவில்லை. ஒரே வீடு, ஒரே தகப்பன், ஒரே பயிற்சி. எட்டிய உயரம் மட்டும் மூன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கணிப்பும், ஆளுக்கு ஆள் காணப்படும் திறன் வேறுபாட்டில் பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21 சதவீதம் என்றுதான் காட்டியது.

அப்படியானால் பிறவித் திறனைச் சிறுவயதிலேயே அளந்து கண்டுபிடித்துவிடலாமே என்றால், அதுவும் நடக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, நுண்ணறிவுத் தேர்வு வைத்து ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். அந்தத் தேர்வில் போதிய மதிப்பெண் இல்லையென்று விடப்பட்ட வில்லியம் ஷாக்லி 1956இலும் லூயிஸ் ஆல்வாரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். பொறுக்கியெடுக்கப்பட்டவர்களில் ஒருவரும் அதைப் பெறவில்லை.

என் அனுபவத்தில், விரைவாக விடை சொல்லும் பிள்ளையைவிடக் கேள்வியை விட மனமில்லாத பிள்ளையிடம்தான் அந்த அபூர்வமான பொருள் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் கிடைப்பதைக் காட்டினேன்: 1+3=4, 1+3+5=9. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பீடி சுற்றும் குடும்பத்துப் பெண்ணொருத்தி மட்டும் சில நாள் கழித்து வந்து, "சார், இது எப்பவுமே இப்படித்தான் வருமா, இல்ல எங்கயாவது மாறிடுமா?" என்று கேட்டாள். நான் வாயெடுக்குமுன் பாவாடை முடிச்சிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து வராந்தாவில் அடுக்கத் தொடங்கினாள். முதலில் ஒன்று, அதை ஒட்டிப் பக்கத்திலும் மேலும் மூலையிலுமாக மூன்று, அவற்றைச் சுற்றி ஐந்து. "ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு கூடுது சார், மூலைக்கு எப்பவும் ஒண்ணுதான். அதனால ரெண்டு ரெண்டாத்தான் ஏறும், மாறவே மாறாது" என்றாள். முழுமையான நிரூபணம் அது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தேர்வுகளில் அவள் நடுத்தர மதிப்பெண்தான் வாங்கினாள், ஏனெனில் ஒரு கணக்கில் மனம் நின்றுவிட்டால் அடுத்ததற்கு அவள் போக மாட்டாள். பிளஸ் டூ முடித்ததும், மேற்படிப்புக்கு வீட்டில் வழியில்லாமல், தெருமுனையில் வந்து நிற்கும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் மேதை என்று நான் சாதிக்கவில்லை. அல்ல என்று சாதிக்கவும் இனி எவராலும் இயலாது, அதுதான் என் மனத்தை இன்றும் அறுக்கிறது.

ராமானுஜன் கதையைப் பிறவி மேதைமைக்குச் சான்றாகவே எல்லோரும் சொல்கிறார்கள். நிரூபணங்களைப் பெரும்பாலும் தராமல் ஆயிரக்கணக்கான தேற்றங்களை அடுக்கியிருந்த ஓர் ஆங்கில நூலைப் பதினாறு வயதையொட்டிப் பெற்று, அவற்றைத் தாமே நிறுவி அப்பால் சென்றவர் அவர். அந்தத் திறனைப் பயிற்சி என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் கல்லூரித் தேர்வில் தோற்று, வேலை தேடி 1910இல் அவர் திருக்கோவிலூருக்குப் போனபோது அங்கிருந்த துணை ஆட்சியர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். ராமானுஜனின் கணித நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், வருவாய்த் துறையின் கடைநிலை வேலையைக் கொடுத்து இந்தத் திறமையை முடக்க மனமின்றி, சென்னையில் தமக்குத் தெரிந்த கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பிறகு கணித ஆர்வமுள்ள நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் போயிற்று. அந்தத் துணை ஆட்சியரின் இடத்தில் கணிதம் அறியாத ஒருவர் இருந்து, கேட்ட வேலையை நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தால்கூடக் கதை வேறாகியிருக்கும். நம் வட ஆற்காட்டு வேலத்தில் பிறந்த மு. வரதராசனாரும் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்தான். அவருக்குத் தமிழ் கற்பிக்க அங்கே முருகைய முதலியார் இருந்தார்.

ஆகவே உங்கள் மகனை மனக்கணக்கு வேகம் கூட்டும் வகுப்புகளில் சேர்க்க அவசரப்பட வேண்டாம். அவன் வயதுக்குச் சற்று மீறிய புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, யாரும் குறுக்கிடாத நேரத்தை விட்டுவையுங்கள். உங்களுக்கு விடை தெரியாத கேள்வியை அவன் கேட்கும் நாளில், அந்தத் துறை அறிந்த ஒருவரிடம் கூச்சப்படாமல் அழைத்துச் செல்லுங்கள். கல்லூரிப் பேராசிரியர்களில் பலர் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அதை அமைத்த வைணு பாப்பு, ஐதராபாத் வானாய்வகத்தில் பணிபுரிந்த தந்தையின் நிழலில் தொலைநோக்கிகளுக்கு நடுவே வளர்ந்தவர். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அவர் 1982இல் மறைந்த பின், 1986இல் அங்கே முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. பார்வையாளர்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பையனைக் கூட்டிச் செல்லுங்கள். அங்குள்ளவர்களிடம் கேள்வி கேட்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.