பறவைப் படங்களுக்கு மென்பொருள் வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: பறவை, பூச்சி, காட்டுப்பூ என்று என்னிடம் சுமார் 40,000 படங்கள் இருக்கின்றன. பாதி ரா கோப்புகள் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு), மீதி ஜேபெக் (சுருக்கிய வழக்கமான படக்கோப்பு). மாதச் சந்தா கட்டும் மென்பொருளா, ஒரே தடவை பணம் கட்டி வாங்குவதா, இலவச மென்பொருளே போதுமா?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் வேறொன்றைப் பாருங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து நீங்கள் சேர்க்கும் குறிச்சொற்கள், நட்சத்திரங்கள், இடக்குறிப்புகள் எல்லாம் எங்கே போய்ச் சேமிக்கப்படுகின்றன? மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் மட்டுமா, படத்தோடு சேர்ந்தா? அப்பர்ச்சர் என்ற தன் படமென்பொருளை நிறுத்தப்போவதாக ஆப்பிள் 2014-இல் அறிவித்தது. பிக்காசா என்ற படமென்பொருளை கூகுள் 2016-இல் கைவிட்டது. மென்பொருள் போகும், படங்கள் இருக்கும். அன்றைக்குக் குறிச்சொற்களும் படத்தோடு வர வேண்டும்.

அதற்கான பொது வழி எக்ஸ்எம்பி: பல மென்பொருள்களும் படிக்கும் தகவல் வடிவம். ஜேபெக் என்றால் தகவல் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். ரா என்றால் பக்கத்திலேயே சின்னதாக ஒரு துணைக்கோப்பு உருவாகும். அடோபியின் சந்தா மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் இது தானாக நடப்பதில்லை. கேட்டலாக் (அதன் தரவுத்தளம்) செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்) பகுதிக்குப் போய், மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் கட்டத்தை நீங்களே டிக் செய்ய வேண்டும். அதுவரை செய்த வேலைக்கு, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+எஸ் ஒருமுறை அழுத்துங்கள். இலவச மென்பொருளான டார்க்டேபிள் வழக்கமாகவே துணைக்கோப்பு எழுதிவிடும். இன்னொரு இலவச மென்பொருளான டிஜிகேமில் அமைப்புகளில் மெட்டாடேட்டா பக்கத்தில் தேர்வு செய்துகொள்ளலாம்.

இதிலும் எல்லாமே பயணம் செய்யாது. குறிச்சொல், நட்சத்திரம், தலைப்பு, ஜிபிஎஸ் ஆகியவை பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். லைட்ரூமின் கலெக்ஷன்களும் (படத்தொகுப்புகள்) விர்ச்சுவல் காப்பிகளும் (கோப்பை நகலெடுக்காமல் ஒரே படத்துக்கு வைக்கும் மாற்றுத் திருத்தங்கள்) எக்ஸ்எம்பியில் ஏறாது. வெளிச்சம், நிறம் திருத்திய அளவுகள் துணைக்கோப்பில் இருந்தாலும், இன்னொரு மென்பொருள் அவற்றை அப்படியே புரிந்துகொள்ளாது. எனவே மிகச் சிறந்த படங்களை 16 பிட் டிஃப் கோப்பாக (தரம் குறையாத படவடிவம்) ஏற்றுமதி செய்து தனியே வையுங்கள். 24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் சுமார் 144 எம்பி வரும். மற்றவற்றுக்கு முழு அளவு ஜேபெக் போதும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். லைட்ரூம் கிளாசிக் சந்தா நின்றால் படங்கள் பூட்டப்படுவதில்லை. கேட்டலாக் திறக்கும், தேடலாம், ஏற்றுமதி செய்யலாம். டெவலப் (திருத்தும் இடம்), மேப் (வரைபடம்) பகுதிகள் மூடப்படும். ஒரே தடவை வாங்கும் மென்பொருளில் வேறொரு சிக்கல்: புதிய கேமரா வாங்கினால் பழைய பதிப்பு அதன் ரா கோப்பைத் திறக்காமல் போகலாம். அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் (டிஎன்ஜி என்பது அடோபியின் பொது ரா வடிவம்) மாற்றினால் பல பழைய பதிப்புகள் திறந்துவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கூடும். கேமரா அடிக்கடி மாற்றாதவருக்கு ஒரே தடவை வாங்குவது லாபம். இலவசத்தில், ஒழுங்குபடுத்த டிஜிகேமும் திருத்த டார்க்டேபிளும் சேர்ந்தால் குறை சொல்ல இடமில்லை. டார்க்டேபிள் கைக்கு வர வாரக்கணக்கில் பழக வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

எதை வாங்கினாலும், சோதனைக் காலத்திலேயே 200 படங்களை எடுத்துக் குறிச்சொல் போட்டு, நட்சத்திரம் கொடுத்து, பத்தைத் திருத்துங்கள். பிறகு அந்த ஃபோல்டரின் நகலை டிஜிகேமில் திறந்து பாருங்கள். குறிச்சொற்கள் அடுக்கு கலையாமல் (விலங்கு, அதன்கீழ் பறவை, அதன்கீழ் கொக்கு என்று) வந்திருந்தால் தைரியமாக வாங்கலாம்.

கேள்வி: கோப்பின் பெயரிலேயே பறவையின் பெயரை எழுதி வைக்கிறேன். அதுவே போதாதா?

பதில்: போதாது. உண்ணிக்கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அறிவியல் பேரினம் நெடுங்காலம் புபுல்கஸ். இப்போது அதை ஆர்டியாவில் சேர்க்கும் பட்டியல்கள் வந்துவிட்டன. குறிச்சொல்லாக இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், ஆயிரம் படங்களிலும் மாறிவிடும். கோப்புப் பெயரில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டும், அச்சுக்கும் வெளியீட்டுக்கும் கொடுத்த பிரதிகளோடு தொடர்பும் அறுந்துவிடும்.

கோப்புப் பெயரில் மாறாதவை மட்டும் இருக்கட்டும்: எடுத்த தேதி, நேரம், கேமரா கொடுத்த எண். 20240317_064210_4821 என்பது போல. தேதி ஏன் அவசியம் என்றால், பெரும்பாலான கேமராக்கள் 9999-க்குப் பிறகு மறுபடி 0001-இலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்தால் ஒன்றை இன்னொன்று அழித்துவிடக்கூடும். லைட்ரூமில் தமிழ்ப் பெயரைக் குறிச்சொல்லாக்கி, அறிவியல் பெயரை அதன் சினானிம்ஸ் (மாற்றுப் பெயர்கள்) கட்டத்தில் எழுதினால் எந்தப் பெயரில் தேடினாலும் படம் கிடைக்கும்.

கேள்வி: படங்களைப் புதிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது லைட்ரூமில் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி. கேட்டலாக் பேக்கப் இருப்பதால் பழைய டிஸ்க்கை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். கேட்டலாக் பேக்கப்பில் ஒரு படம்கூட இருக்காது. எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்ற பதிவேடு மட்டுமே அது.

கேள்விக்குறிக்குக் காரணம், பதிவேட்டில் பழைய முகவரி இருப்பது. இருப்பதிலேயே மேல்மட்டத்து ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டரைத் தேர்ந்து, புதிய இடத்தைக் காட்டுங்கள். உட்பிரிவுகள் தாமாகச் சரியாகும். விண்டோஸில் டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருந்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தைக் கொடுத்தாலே போதும். படங்களை கேட்டலாக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி இறக்குமதி செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. கலெக்ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் அதோடு போய்விடும், எக்ஸ்எம்பி எழுதாதவர்களுக்குத் திருத்தங்களும் போகும். சிங்க்ரனைஸ் ஃபோல்டரையும் இந்த நேரத்தில் தொடாதீர்கள். காணாமல்போன படங்களை நீக்கு என்ற தேர்வு அதற்குள் இருக்கிறது.

எல்லாம் சரியான பிறகும் பழைய டிஸ்க் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே: இந்தக் கணக்கில் அது ஒரு பிரதியாகும்.

கேள்வி: மங்கலான வெளிச்சத்தில் எடுத்த வெண்கொக்குப் படங்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதை நீக்கினால் இறகு பிளாஸ்டிக் போல் ஆகிறது. இரைச்சல் நீக்கத் தனி மென்பொருள் வாங்கலாமா?

பதில்: முதலில் கையில் இருப்பதில் வரிசையைச் சரி செய்து பாருங்கள். இரைச்சல் நீக்கம், தெளிவு கூட்டுவது, கூர்மை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் எந்த மென்பொருளிலும் பிளாஸ்டிக்தான் வரும். இரைச்சலை ரா கோப்பில் முதல் வேலையாக, மிதமாக நீக்குங்கள். பின்புலத்தில் கொஞ்சம் மணல் மிஞ்சினால் மிஞ்சட்டும். லைட்ரூமில் கூர்மையைக் கூட்டும்போது மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையோடு இழுத்தால் திரை கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டுமே கூர்மை ஏறும். பின்புலம் முழுக்கக் கறுத்து, கண்வளையமும் இறகின் ஓரமும் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அது 60-க்கும் 80-க்கும் நடுவில் வரும்.

இறகில் விவரமே இல்லையென்றால் அது இரைச்சல் நீக்கியதால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். ஒயிட்ஸ் ஸ்லைடரை ஆல்ட் பிடித்து இழுங்கள். கறுப்புத் திரையில் சிவப்பு, மஞ்சள் போன்ற நிறத்திட்டுகள் தெரிந்தால் ஓரிரு வண்ணத் தடங்கள் மட்டுமே நிரம்பியிருக்கின்றன, மீட்க வழி உண்டு. வெள்ளைத் திட்டு தெரிந்தால் மூன்றுமே நிரம்பிவிட்டன. ஸ்லைடரைக் கீழே இறக்கியும் அது மறையாவிட்டால் அங்கே மீட்க ஒன்றும் இல்லை, எந்த மென்பொருளும் கொண்டுவராது. ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384 படிகள். வெண்பறவைகளுக்கு ரா அவசியம் என்பது இதனால்தான்.

இதற்குப் பிறகும் குறை இருந்தால் செயற்கை நுண்ணறிவு வகையை, உங்களுடைய மிக மோசமான ஐந்து படங்களில் சோதித்துவிட்டு வாங்குங்கள். இரண்டை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகும். இவற்றில் சில, முடிவைப் புதிய டிஎன்ஜி கோப்பாகத் தரும். ராவில் ஒரு பிக்சலுக்கு ஒரு வண்ணம்தான் பதிவாகும், அந்த டிஎன்ஜியில் மூன்றும் இருக்கும். அதனால் கோப்பு பல மடங்கு பெருக்கும்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருக்கும் படம் அச்சில் இருண்டுவிடுகிறது. புது மானிட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: அநேகமாகத் தேவையில்லை. கடையிலிருந்து வரும் திரைகள் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும், அதை நம்பிப் படத்தை இருட்டாகத் திருத்திவிடுகிறோம். சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். அளக்க ஒரு கேலிப்ரேஷன் கருவி வாங்குவது, மானிட்டர் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

கேள்வி: கூடு கட்டிய பறவையின் படத்தைப் பகிரும்போது எதை நீக்க வேண்டும்?

பதில்: லைட்ரூமின் ஏற்றுமதிப் பெட்டியில் ரிமூவ் லொகேஷன் இன்ஃபோவை டிக் செய்தால் ஜிபிஎஸ் போய்விடும். ஆனால் குளத்தின் பெயரையோ மலையின் பெயரையோ குறிச்சொல்லாகப் போட்டிருந்தால் அது படத்தோடு வெளியே போகும். அந்தக் குறிச்சொல்லைத் திறந்து, இன்க்லூட் ஆன் எக்ஸ்போர்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பின்புலத்தில் கோபுரமோ பாலமோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.