பத்திரிகைத் துறை படிக்க லண்டன் வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, "யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு ஊடகக் கற்கையில் மாஸ்டர்ஸ் செய்ய வந்திருக்கிறேன், முதல் தவணையிலேயே பிரித்தானியப் பத்திரிகைத் தொழில் பற்றி ஒரு பாடம், லெக்சரர் சொல்லும் பெயர்கள் ஒன்றும் பிடிபடவில்லை, எங்கே தொடங்குவது" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அறை, குளிர் உடுப்பு, பகுதிநேர வேலை. அறைக்கும் உடுப்புக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். வேலை என்றால், மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான். "கூட நில், கையில் காசு தாறன்" என்று சொல்லும் எங்கட ஆக்களை நம்பிப் போகாதீர்கள். அது போதும். பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

கோட்பாட்டுப் புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். ஒரு நாள் காசைப் பார்க்காமல் சன், மிரர், மெயில், எக்ஸ்பிரஸ், டைம்ஸ், கார்டியன் எல்லாவற்றையும் வாங்கி அறைத் தரையில் பரப்புங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் முதலாளி யார் என்று எழுதுங்கள். சன், டைம்ஸ் இரண்டும் மர்டாக் குடும்பத்தின் கையில். 1969-இல் சன்னையும் 1981-இல் டைம்ஸையும் ரூபர்ட் மர்டாக் வாங்கினார். மெயில் ரோதர்மியர் பிரபுவின் குடும்பச் சொத்து, ரயிலில் சும்மா கிடக்கும் மெட்ரோ என்ற இலவசப் பேப்பரும் அவர்களுடையதுதான். மிரர் தொழிற்கட்சிக்காரர்களின் பேப்பர், எக்ஸ்பிரஸ் அதற்கு நேர் எதிர். ஆனால் 2018-இலிருந்து இரண்டுக்கும் ரீச் என்ற ஒரே கம்பனிதான் முதலாளி. காலையில் தலையங்கத்தில் அடித்துக்கொள்வார்கள், மாதக் கடைசியில் சம்பளம் ஒரே பெட்டியிலிருந்து வரும். கார்டியன் மட்டும் 1936-இலிருந்து ஸ்காட் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அதற்காக அது நடுநிலைப் பேப்பர் என்று எழுதிவிடாதீர்கள். அதற்கும் ஒரு பக்கம் உண்டு.

இதெல்லாம் எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை. நான் வந்தது 1993-இல். தென் லண்டனில் எங்கட ஆள் ஒருவரின் பேப்பர் கடையில் விடியக்காலை வேலை. பிளாஸ்டிக் பட்டி போட்ட கட்டுகளை வான்காரன் கதவடியில் எறிந்துவிட்டுப் போவான். பட்டியை வெட்டி, சீட்டோடு எண்ணிச் சரிபார்த்து, வீட்டு இலக்கத்தைப் பென்சிலால் எழுதி, பேப்பர் போடும் பெடியளின் பைகளில் அடுக்க வேண்டும். சனி, ஞாயிறு என்றால் நரகம். இணைப்புகளை உள்ளே செருகிச் செருகி விரல் முழுக்க மை. முதல் கிழமைகளுக்குச் சம்பளம் இல்லை, அது "பழகிற காலம்" என்றார் முதலாளி. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

ஆனால் அந்தக் கடையில்தான் தொழிலின் உள்வீடு தெரிந்தது. நான் சேர்ந்த அந்த வருடமே விலைப்போர் தொடங்கியது. சன் 25 பென்ஸ் விலையிலிருந்து 20-க்கு இறங்கியது, டைம்ஸ் 45-இலிருந்து 30-க்கு இறங்கி, அடுத்த வருடம் 20-க்கே வந்து நின்றது. எழுத்துக் கூட்டித்தான் நான் ஆங்கிலம் வாசித்தேன், ஆனாலும் டைம்ஸ் கட்டு உயர்வதும் இன்டிபென்டன்ட் கட்டு மெலிவதும் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றக் கடைகளிலும் அதுதான் கதை. சில வருடங்களில் டைம்ஸின் விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது. பெரிய குழுமம் ஒன்று ஒரு பேப்பரில் நட்டப்பட்டு, வேறொன்றின் இலாபத்தில் அதைத் தாங்கும். தனியே நிற்கும் பேப்பர் எத்தனை நாள் தாங்கும்? 1986-இல் தொடங்கிய இன்டிபென்டன்ட் 2016-இல் அச்சையே நிறுத்தி இணையத்தோடு நின்றுகொண்டது. அதற்கு விலைப்போர் மட்டும் காரணமில்லை, ஆனால் உங்கள் லெக்சரர் உடைமைக் குவிப்பு, அதாவது பல பேப்பர்கள் சில முதலாளிகளின் கையில் சேருவது, என்று சொல்லும்போது இந்தக் கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1999-இல் மெட்ரோ வந்தது, சும்மா. கடை முதலாளி வாசலில் நின்று திட்டினார். இலவசமாகக் கொடுத்தால் எப்படி இலாபம் வரும் என்று அவருக்கு விளங்கவில்லை. பேப்பர்காரருக்கு வாசகர்தான் விற்கிற சரக்கு, வாங்குகிறவர் விளம்பரக்காரர். அது விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது. பின்னால் அந்த விளம்பரம் இணையத்துக்கு ஓடியதும் எல்லாருக்கும் அடி விழுந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சன் ஒரு நாளைக்கு 40 லட்சம் பிரதிகள் விற்றது. 2020 தொடக்கத்தில் 12 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது, அதன் பிறகு எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இனி, மார்க் போகும் இடங்கள். பத்திரிகைகளை ஆஃப்காம் கட்டுப்படுத்துகிறது என்று எழுதாதீர்கள். அது தொலைக்காட்சி, வானொலி, தொலைபேசி போன்றவற்றைப் பார்க்கும் ஒழுங்குமுறை அமைப்பு, பேப்பர் அதன் கையில் இல்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 2011-இல் மர்டாக்கின் ஞாயிறு பேப்பர் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் மூடப்பட்டது, பத்திரிகைகளின் நடத்தை பற்றி நீதிபதி லெவிசனின் விசாரணை நடந்தது, பேப்பர்காரர் தாங்களே சேர்ந்து தங்களைக் கண்காணிக்க 2014-இல் இப்சோ என்ற அமைப்பை வைத்துக்கொண்டார்கள். கார்டியனும் பினான்சியல் டைம்ஸும் அதில்கூட இல்லை. அடுத்தது, பழைய நோட்ஸ். கார்டியன் பெரிய தாளில் வருகிறது, ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் தினமும் வருகிறது என்றெல்லாம் இன்னும் எழுதி வைத்திருக்கிறார்கள். கார்டியன் 2018-இல் டாப்லாய்ட் என்ற சிறிய தாள் அளவுக்கு மாறிவிட்டது, ஸ்டாண்டர்ட் 2024-இல் வாரப் பத்திரிகையாகிவிட்டது.

எங்கட ஆக்களில் இருபது வருடம் சன் விற்றும் அதன் முதலாளி யார் என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பேப்பர் ஒன்றும் புரட்டாமல், யூடியூப்பைப் பார்த்துவிட்டுப் பிரித்தானிய அரசியலைக் கரைத்துக் குடித்த மாதிரிக் கதைப்பார்கள். ஒரு நண்பர் லிவர்பூலில் கடை எடுத்து முதல் நாளே சன்னை முன்தட்டில் அடுக்கினார். வந்த கிழவர் ஒருவர் ஒன்றும் வாங்காமல் அதைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிபட்டு இறந்த லிவர்பூல் உதைபந்தாட்ட ரசிகர்களைப் பற்றி அந்தப் பேப்பர் போட்ட பொய்யை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. நண்பர் அடுத்த நாளே நிறுத்தினார், வாடிக்கை வந்தது. பேப்பரோடு ஒரு ஊர் எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்வதும் உங்கள் பாடம்தான்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை. ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது கொப்பித் தாளில் அச்சடித்த பேப்பரைச் சந்திக் கடையில் கைமாற்றி வாசித்த ஆள் நான். லண்டனில் பின்னேரம் விற்காத பேப்பரைக் கட்டித் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு மணித்தியாலம் கிடைக்கும், அகராதியோடு குந்திவிடுவேன். இன்று டைம்ஸ் சந்தா கட்டுகிறேன், குறுக்கெழுத்திலும் பாதி நிரப்புவேன்.

கட்டுரைத் தலைப்பு எடுத்ததும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். "எங்கள் போரை மேற்கத்திய ஊடகங்கள் காட்டிய விதம்" என்று மட்டும் வேண்டாம். வருகிற பிள்ளைகள் எல்லாம் அதையே எழுதுகிறார்கள், அதில் பாதிப்பேர் அந்தக் காலப் பேப்பர் ஒன்றைக்கூடத் தேடி வாசிப்பதில்லை.