கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், டவுன் பிள்ளைகளுக்குக் கிடைப்பதெல்லாம் தன் மாணவர்களுக்கும் கிடைக்க என்ன செய்யலாம்?

திண்டிவனம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஸ்மார்ட் போர்டுக்கு ஸ்பான்சர் பிடியுங்கள் என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முதலில் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பாருங்கள் என்பேன்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு வருகிறது. தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் அந்த வரம்பு யாரையும் தடுக்காது. அதைக் காட்டும் வருமானச் சான்றிதழ்தான் தடுக்கும். இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். அதற்குள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூலி போகும். போதாததற்குப் பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. தேர்வில் தேறிய பிள்ளைக்கும் பணம் அங்கே நின்றுவிடும். ஆறாம் வகுப்பிலேயே, ஜூன் மாதத்திலேயே, ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) பதிவோடு ஒப்பிட்டுவிடுங்கள். இது ஆசிரியர் வேலையா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் வேறு யார் செய்வார்கள்?

இருளர் பிள்ளைகளுக்கு இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். பழங்குடிச் சான்றில் கையெழுத்துப் போடுவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். பெற்றோரிடமே சான்று இல்லையென்றால் விசாரணை இழுத்துக்கொண்டே போகும். நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023-இல்தான். பழைய எம்.பி.சி. சான்றோடு இருக்கும் வீடுகளைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். சூளை எந்த ஊரில் என்று கேட்டு, அங்குள்ள அரசுப் பள்ளி எச்.எம்.மிடம் போனில் பேசுங்கள். டி.சி. தாமதம் என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றும் பெற்றோரிடம் கணக்கைச் சொல்லுங்கள். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்தது. கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024-லிருந்து பையனுக்கும் தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. ஆனால் ஆறாம் வகுப்பில் தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு இந்தக் கணக்கைச் சொன்னால் எந்தப் பெற்றோரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கொஞ்ச நேரம் அவர்களுக்கு வாசிப்பு மட்டும்தான்.

பஸ், கழிப்பறைத் தண்ணீர் போன்றவற்றை எஸ்.எம்.சி. எனும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடம் விடுங்கள். நான் எழுதும் கடிதம் பைலில் தூங்கும். அவர்கள் கிராம சபையில் எழுந்து கேட்டால் அதிகாரி அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த சபை எப்போது என்று பார்த்து, தீர்மானத்தை இப்போதே எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.