கைக்குள் சிப்: முதலில் தோலுக்கு வெளியே ஒட்டிப் பாருங்கள்

விளாங்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வயது 27, வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் வேலை. தோலுக்கடியில் வைக்கும் என்.எஃப்.சி. சிப் (போனைப் பக்கத்தில் வைத்தால் கம்பியில்லாமல் பேசும் சிப்) ஒன்றை ஊசியோடு சேர்ந்த கிட்டாக ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறார். ஆபீஸ் கதவைத் திறக்கலாம், போன் நம்பரைப் பகிரலாம், ரத்த குரூப்பை எழுதி வைக்கலாம் என்று திட்டம். டாட்டூ கடைக்காரர் ஒருவர், "காது குத்துற மாதிரிதான் தம்பி, அஞ்சு நிமிஷ வேலை" என்றாராம். அம்மாவோ, "நீ எங்க போனாலும் எவனோ பார்த்துக்கிட்டே இருப்பான்" என்று தடுக்கிறாராம். பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ள என்ன வழி என்பது கேள்வி.

அம்மாவின் பயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. போனை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோனால், போனிலிருந்து வரும் காந்தப்புலத்தில் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். போனை எடுத்துவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு. உங்களைப் பின்தொடர வேண்டுமென்றால் சட்டைப்பையில் இருக்கும் போனே போதும்.

டாட்டூ கடைக்காரர் சொன்னதில்தான் எனக்குச் சண்டை. நான் கை அறுவைச் சிகிச்சை செய்கிறவன். காது குத்தினால் கம்பி இரண்டு பக்கமும் வெளியே நிற்கிறது. சீழ் வைத்தால் கழற்றிப் போட்டுவிடலாம். இது முழுசாக உள்ளே போய் மூடிக்கொள்கிற பொருள். 2 மி.மீ. தடிமன், 12 மி.மீ. நீளம், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அது நுழைய ஊசியின் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ரத்த தானத்துக்குப் போடும் ஊசியைப் பார்த்து மிரண்டவர்கள் இதைப் பார்த்தால் எழுந்தே போய்விடுவார்கள்.

இது புது விஷயமும் இல்லை. இங்கிலாந்துப் பேராசிரியர் கெவின் வார்விக் 1998லேயே தன் கையில் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். டாக்டரை வைத்துத்தான் செய்துகொண்டார், ஒன்பதே நாளில் எடுத்தும் விட்டார். 2004ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கான அடையாளச் சிப் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தபோதே திசு எதிர்வினை, சிப் இடம் நகர்வது, எம்.ஆர்.ஐ. பொருந்தாமை என்று ஆபத்துகளைப் பட்டியல் போட்டார்கள்.

இனி உங்கள் விஷயம். கிட்டை அப்படியே அலமாரியில் வையுங்கள். இன்று ஆபீஸ் போனதும் உங்கள் அடையாள அட்டையைப் போனின் முதுகில் வைத்துப் பாருங்கள், என்.எஃப்.சி. ஆன் செய்து. போன் எதுவும் சொல்லாவிட்டால் அந்த அட்டை பெரும்பாலும் 125 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசை ரகம். நீங்கள் வாங்கிய சிப் 13.56 மெகா ஹெர்ட்ஸ். அந்த ரக அட்டையைப் படிக்கும் கதவுக் கருவியும் (ரீடர்) உங்கள் சிப்பும் எந்தக் காலத்திலும் பேசிக்கொள்ளாது. போன் அட்டையைக் கண்டுகொண்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. சிப்பின் எண் தொழிற்சாலையிலேயே பதிந்தது, உங்கள் அட்டையின் எண்ணை அதில் எழுத முடியாது. ஆபீஸில் கதவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சிப்பின் எண்ணைத் தங்கள் கணினியில் சேர்த்தால்தான் கதவு திறக்கும். சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டீர்களா? இரண்டு வருஷத்தில் கம்பெனி மாறினால்? சிப் மாறாது.

இதே அளவில், இதே மாதிரி சிப் உள்ள கண்ணாடிக்குச்சி டேக் தனியாக, மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கி, அதன் எண்ணை ஆபீஸில் சேர்க்கச் சொல்லி, இடது கையின் பின்புறம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் திரியுங்கள். (அதை உடம்புக்குள் ஏற்றலாமா என்று நினைக்கவே வேண்டாம், அது கிருமி நீக்கியது இல்லை.) பைக் கிளட்ச்சைப் பிடியுங்கள், குளியுங்கள், தூங்குங்கள், கதவில் காட்டுங்கள். தோலுக்கு வெளியே இருக்கும்போதே கதவு நாலு தடவைக்கு ஒரு தடவைதான் திறக்கிறது என்றால், உள்ளே போனபின் அதைவிட நன்றாகத் திறக்காது. சிப்பின் ஆன்டெனா அவ்வளவு சின்னது. சுவரில் இருக்கும் பெரிய ரீடருக்கு அதைக் கண்டுபிடிப்பதே பாடு. என்னிடம் விசாரிக்க வருகிறவர்களை நான் அனுப்புவது இந்தச் சோதனைக்குத்தான். பாதிப்பேர் திரும்பி வருவதில்லை.

ரத்த குரூப் யோசனையைக் கைவிடுங்கள். எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் கையில் போனை வைத்துத் தேய்த்துப் பார்க்க மாட்டார்கள். ரத்தம் ஏற்றும் முன் குரூப்பை அவர்களே சோதிப்பார்கள். மருந்து ஒவ்வாமை இருந்தால் போனின் பூட்டுத் திரையில் எழுதி வையுங்கள், அதை யாராவது பார்ப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால், அடுத்து உடம்பைப் பார்க்க வேண்டும். சட்டையைத் தூக்கி இடது தோளில் பி.சி.ஜி. தழும்பைப் பாருங்கள். தட்டையாக, லேசாகக் குழிந்து இருந்தால் நல்லது. ரப்பர் மாதிரித் தடித்து, பளபளப்பாகப் பரவியிருந்தால் உங்களுக்குக் கீலாய்டு (காயத்தை மீறி வளரும் தழும்பு) வரும் தோல். நான் போட மாட்டேன், யாரிடமும் போடாதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் வேண்டாம். கையால் குத்தியும் பிசைந்தும் தொழில் செய்கிறவர்கள், உதாரணமாகப் பரோட்டா மாஸ்டர், லேத் பட்டறைக்காரர், நிச்சயம் வேண்டாம். டி.டி. (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் போடுவது? அறுவைச் சிகிச்சை நிபுணரோ தோல் அறுவை தெரிந்த டாக்டரோ ஒத்துக்கொண்டால் அவரிடம். மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது, வற்புறுத்தாதீர்கள். நான் ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்வேன்: "எடுக்க வேண்டி வந்தால் நீங்களே எடுப்பீர்களா?" எடுக்கத் தெரியாதவர் போடக்கூடாது.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். ஒரு கடையில் போட்டிருந்தார்கள். தோலைத் தூக்கிப் பிடிக்காமல் ஊசியைச் சாய்வாக விட்டதால் சிப் தோலுக்குக் கீழே போகாமல் தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது. தோலில் ஒரு முனை வெள்ளையாக, முள் தைத்த இடம் போலத் துருத்திக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தான். மரத்துப்போக ஊசி போட்டு, 5 மி.மீ. கீறினேன், லேசாக அழுத்தியதும் புளியங்கொட்டை நழுவுகிற மாதிரி வெளியே வந்துவிட்டது. அவன் அதிர்ஷ்டக்காரன். இன்னொருவர் நாய்க்குப் போடும் சிப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ரகத்தில் நகராமல் இருக்கச் சதை பிடித்துக்கொள்ளும்படி ஒரு பூச்சு இருக்கும். சதையோடு சேர்த்துச் சுரண்டி எடுக்க முக்கால் மணி நேரம். அத்தனைக்கும் அது 134.2 கிலோ ஹெர்ட்ஸில் பேசுவது. அவர் போன் அதை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

போடும்போது என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நீங்களே கவனிக்கலாம். டாக்டர் பீட்டாடைனோ குளோர்ஹெக்சிடினோ தடவி அது காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் தடவியதில் பாதிப் பலன் போய்விடும். சிப் ஊசிக்குள்ளேயே கிருமி நீக்கி அடைத்து வந்திருக்க வேண்டும். தனியாக வந்ததை ஸ்பிரிட்டில் ஊறவைத்தாலும் வெந்நீரில் போட்டாலும் எல்லாக் கிருமியும் சாகாது. இடம், விரல்களுக்கு நடுவிலுள்ள சதைமேட்டின் மேல், ஆள்காட்டி விரல் எலும்புக்கு இணையாக, ஆனால் எலும்பின்மேல் அல்ல. எலும்பில் மோதினால் கண்ணாடி உடையலாம். கட்டைவிரல் எலும்பும் ஆள்காட்டி விரல் எலும்பும் சேரும் மூலைக்கும் போகக்கூடாது, அங்கே ரேடியல் தமனி உள்ளங்கைக்கு இறங்குகிறது. மணிக்கட்டைத் தாண்டி வரும் உணர்வு நரம்பின் கிளைகளும் அந்தப் பக்கம்தான். தோலைக் கிள்ளி, கூடாரம் மாதிரித் தூக்கி, அந்தக் கூடாரத்துக்குள் ஊசி போக வேண்டும். சிப்பை உள்ளே தள்ளக்கூடாது. அது இருந்த இடத்தில் இருக்க, ஊசியைப் பின்னால் இழுக்க வேண்டும்.

அப்புறம் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, இரண்டு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள். வீக்கம் இருக்கும்வரை போன் படிக்காமல் போகலாம், பதறி அழுத்தித் தேய்க்காதீர்கள். சுற்றிச் சதை உறை கட்டிக்கொள்ள இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அதுவரை ஜிம்மும் வேண்டாம், நீச்சலும் வேண்டாம். இரண்டு நாளுக்குப்பின் வலி குறைய வேண்டும். கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கட்டைவிரல் முதுகு மரத்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். மஞ்சள் வேண்டாம், காபித்தூள் வேண்டாம். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கையில் சிப் இருப்பதைத் தொழில்நுட்பரிடம் முன்பே சொல்லுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சிப்பில் எழுதும் சில ஆப்களில் 'இனி மாற்ற முடியாதபடி பூட்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டுவிட்டால் இன்றைய போன் நம்பரைத்தான் ஆயுசுக்கும் கையில் வைத்திருப்பீர்கள். பாஸ்வேர்டு போட்டு வைப்பது வேறு, அது பரவாயில்லை.

கிட்டின் உறையைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆசையில் பிரித்திருந்தாலோ, உறையில் போட்டிருக்கும் கெடு தேதி தாண்டியிருந்தாலோ அந்தக் கிட் இனி கைக்குள் போகக்கூடாது. அதையே பிளாஸ்திரி சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தனி டேக் வாங்கும் காசு மிச்சம்.