லாரியில் ஊற்றிய தண்ணீர், 19 நாளில் எழுந்த கோபுரம்: கட்டுமானக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிய தொழில்நுட்பம் பற்றியவை. கட்டட வேலைத்தளங்களில் 34 ஆண்டுகள் நின்ற பொறியாளர் என்ற முறையில், நான் பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு பழைய பிரச்சினை. அதைப் பேசாமல் புதியதற்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுத் தளத்துக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட் வந்தது. கெட்டியாக இருக்கிறது, பம்ப்பில் போகாது என்று சொல்லி லாரி டிரம்முக்குள் டியூப்பை விட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்றார் மேஸ்திரி. நிஜமாகவே ஒன்றும் ஆகாதா?
*(வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்)*

ஆகும். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. அந்த வினைக்குத் தேவை சிமெண்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீர். கலவை கம்பிகளுக்கு இடையில் இறங்கிப் பரவ வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம். அதற்கும் மேல் ஊற்றுவது பிறகு வெளியேறிவிடும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக மிஞ்சும். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் கூடினால் வலிமை குறையும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் 1918-லேயே சோதனை செய்து எழுதிவிட்டார். வலிமை மட்டுமில்லை, அந்தத் துளைகள் வழியாகத்தான் ஈரமும் உப்பும் கம்பியைப் போய்ச் சேர்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். சில வருடங்களில் தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுவது அதனால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் ஒன்பது பில்லர்கள் ஊற்றினோம். நான் கீழே கம்பி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியில் தண்ணீர் விட்டது எனக்குத் தெரியாது. மறுநாள் சென்ட்ரிங் பிரித்ததும் பில்லர் முகத்தில் மணல் கோடுகள் இருந்தன. சாவியால் கீறினேன், மாவு மாதிரி உதிர்ந்தது. ஆனால் 28 நாள் கழித்து க்யூப் சோதனை (கலவையில் கொஞ்சம் எடுத்துக் கனசதுரமாக வார்த்து, பிறகு நசுக்கிப் பார்ப்பது) முடிவு வந்தபோது எல்லாமே தேர்ச்சி! காரணம், தண்ணீர் விடுவதற்கு முன்பே க்யூப்புக்கு மாதிரி எடுத்துவிட்டார்கள். காகிதத்தைக் காட்டி மேலே ஊற்றலாம் என்றார்கள். நான் மறுத்தேன். பில்லரிலேயே துளைத்து கோர் எடுத்துச் சோதித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒன்பதையும் இடித்தோம். பதினோரு நாள் கம்ப்ரஸர் ஓடியது. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த முறை லாரி வந்ததும் சீட்டை வாங்கி, ஆலையில் கலந்த நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். கூம்பு வைத்து ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்ற அளவு, எடுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தால் இளக்குவதற்கென்றே பிளாஸ்டிசைசர் இருக்கிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்பதை ஆலையின் ஆள்தான் சொல்ல வேண்டும். வழியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று பதிவு செய்யும் சென்சார்கள் இப்போது லாரியிலேயே வருகின்றன. கான்கிரீட்டுக்குள் புதைத்து, வெப்பநிலையை வைத்து வலிமையைக் கணிக்கும் சென்சார்களும் உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த புதுமைகள் இவைதாம்.

சரி, உங்கள் தளத்துக்கு என்ன செய்வது? 28 நாள் ஆனதும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து ரீபவுண்ட் ஹேமர் (மேற்பரப்பில் தட்டி வலிமையை மதிப்பிடும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கோர் எடுங்கள். அதுவரை தளத்தில் ஈரம் காயவிட வேண்டாம். க்யூரிங் அந்தத் தவறை அழிக்காது. ஆனாலும் இருக்கும் சிமெண்ட் முழுதாக வேலை செய்ய அது உதவும்.

சீனாவில் 57 மாடிக் கட்டடத்தை 19 நாளில் எழுப்பினார்களாமே! மற்ற இடங்களில் ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது?
*(ஒரு கல்லூரி ஆசிரியர்)*

உண்மைதான். 2015-ல் சாங்ஷா நகரில் நடந்தது. நாளொன்றுக்கு மூன்று மாடி வீதம் 19 வேலை நாட்கள். ஆனால் அது பொருத்திய நாட்களின் கணக்கு. அதற்கு முன்பே மாதக்கணக்கில் தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து வைத்திருந்தார்கள்.

தொழிற்சாலையில் செய்வதை நான் மனமார வரவேற்கிறேன். மழை, வெயில் இல்லை. உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். அளவு பிசகாது. அங்கே எல்லாக் கவனமும் இணைப்புகளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு இருந்தது. முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளைச் சுவராகவும் தளமாகவும் அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அதிகாலை, 18-ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்தது. வெளிச்சுவர் பலகை தள்ளப்பட்டு விழுந்தது. கட்டடத்தின் அந்த ஒரு மூலையில் அதன்மேல் நின்ற மாடிகள் சரிந்தன. சரிந்த எடை தாங்காமல் கீழே இருந்தவையும் சீட்டுக்கட்டு போல இறங்கின. நான்கு பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குக் குடிவந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. பிரிட்டனில் அதன் பிறகு விதிகளை மாற்றினார்கள்: ஓரிடத்தில் ஏற்படும் சேதம் கட்டடத்தையே சரிக்கும்படி இருக்கக் கூடாது.

இதைவிட என்னை உலுக்கியது 1986-ல் தெரியவந்தது. அந்தக் கட்டடத்தை மாடி மாடியாகப் பிரித்தார்கள். கலவை நிரப்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் செய்தித்தாள் திணித்திருந்தது. பலகைகளில் குறையில்லாமல் இருந்தாலும் இடுக்கைப் பார்க்க ஆளில்லை.

ஆகவே யாராவது உங்களிடம் ப்ரீகாஸ்ட், மாடுலர் என்று வந்தால், எத்தனை நாளில் முடியும் என்பதை அப்புறம் கேளுங்கள். இணைப்பை நிரப்புவது யார், மூடுவதற்கு முன் பார்ப்பது யார், அதற்குப் புகைப்படம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

3டி பிரிண்டர் வந்தால் வீட்டுச் செலவு பாதியாகிவிடுமா?
*(ஒரு வாசகி)*

பாதியாகாது. இன்று இயந்திரம் அச்சிடுவது பெரும்பாலும் சுவரை மட்டும்தான். அஸ்திவாரம், கூரை, மின்சாரம், குழாய், கதவு, ஜன்னல் எல்லாம் பழையபடி மனிதர்கள் கையில்தான். பிரிண்டரின் குழாய்முனையில் பெரிய ஜல்லி போகாது என்பதால் கலவையில் சிமெண்டும் அதிகம் பிடிக்கும். ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் நேரம் கடந்துவிட்டால் ஒட்டு பலவீனமாகும். அடுக்குகளுக்குக் குறுக்கே நிற்கும் கம்பியை எப்படி வைப்பது என்பதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வழி இல்லை.

அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் 94 சதுர மீட்டர் வீட்டை 24 துண்டுகளாக ஆலையில் அச்சிட்டுப் பொருத்தினார்கள். 2021-ல் அதில் குடியேறினார்கள். பாறை போல வளைந்த சுவர்கள். சென்ட்ரிங் பலகையில் அந்த வளைவைக் கொண்டுவர எத்தனை பலகை வீணாகும் என்று ஒரு தச்சரைக் கேட்டால் சொல்வார். வடிவத்தில் சுதந்திரம், பொருளில் சிக்கனம். என் நம்பிக்கை அங்கேதான்.

ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடலாமா? பாலைவனத்தில் இவ்வளவு மணல் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன?
*(ஒரு ஒப்பந்ததாரர்)*

கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் தாராளமாகப் போடலாம். கல் தூள் அதிகமில்லாமல், சலித்துக் கழுவியதாக இருக்க வேண்டும். முனைகள் கூராக இருப்பதால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். முதல் பதிலை நினைவில் வைத்து, அங்கேயும் பிளாஸ்டிசைசரைத் தேடுங்கள். பாலைவன மணலைக் காற்று உருட்டி உருட்டி மிக நுண்ணியதாக, வழவழப்பாக ஆக்கிவிட்டது. கான்கிரீட்டில் அது நன்றாகப் பிடிப்பதில்லை. மணலும் சரளையும் சேர்த்து உலகம் ஆண்டுக்கு சுமார் 5,000 கோடி டன் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. எந்த ஆறும் அந்த வேகத்தில் மணலைக் கொண்டுவராது.

சிமெண்ட் இல்லாமல் கட்ட முடியாதா? பருவநிலையை நினைத்தால் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததே தவறோ என்று தோன்றுகிறது.
*(கட்டடப் பொறியியல் மாணவி)*

தவறே இல்லை. உங்களைப் போன்றவர்கள்தான் இந்தத் துறைக்கு வர வேண்டும்.

உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சிக்கல் எரிபொருளில் மட்டும் இருந்தால் எளிது. சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே அந்த வாயுவை வெளிவிடுகிறது. பாதிக்கு மேல் வருவது அந்தக் கல்லிலிருந்துதான். சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பங்கு நிற்காது.

சூளையில் இப்படிச் சுட்டு வரும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர், அதை அரைத்தால்தான் சிமெண்ட். ஆகவே கிளிங்கரைக் குறைக்க வேண்டும். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்தெடுத்த எல்.சி.3 என்ற சிமெண்டைப் பற்றிப் படியுங்கள். அதில் கிளிங்கர் பாதிதான். மீதியில் சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் 15 சதவீதம், கொஞ்சம் ஜிப்சம். கிளிங்கருக்கு 1,450 டிகிரி வெப்பம் வேண்டும் என்றால் களிமண்ணுக்கு 800 டிகிரி அளவே போதும். கார்பன் 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. உயர்ரகக் களிமண்கூடத் தேவையில்லை என்பதுதான் இதில் என்னை ஈர்த்தது.

மரமும் திரும்பி வருகிறது. நார்வேயில் 2019-ல் முடிந்த மியோஸ்டார்னெட் 18 மாடி, 85.4 மீட்டர் உயரம், மரத் தூண்களும் உத்தரங்களும் கொண்டது. ஆனால் அதன் மேல் மாடிகளில் கான்கிரீட் தளம்தான் போட்டார்கள். காற்றில் அதிகம் ஆடாமலிருக்க உச்சியில் எடை வேண்டியிருந்தது. இது தோல்வி இல்லை. எந்தப் பொருள் எங்கே தேவை என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் பாக்டீரியா கான்கிரீட் உண்மையா?
*(பள்ளி மாணவர்)*

உண்மை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். உறங்கும் நுண்ணுயிரை உணவோடு சேர்த்துக் கலவையில் வைப்பார்கள். விரிசல் வழியாகத் தண்ணீர் போனதும் அது விழித்து, சுண்ணாம்பை உண்டாக்கி விரிசலை அடைக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான விரிசல்களுக்குத்தான் இது. அஸ்திவாரம் இறங்கி வந்த விரிசலை எந்த உயிரும் மூடாது.

வேலைத்தளத்துக்குப் போவதா, பிம் மென்பொருள் படிப்பதா?
*(புதிதாகப் பட்டம் பெற்றவர்)*

இரண்டும் வேண்டும். பிம் என்பது கட்டடத்தின் விவரம் முழுவதையும் கணினியில் ஒரே மாதிரியாக வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறை. ஆனால் மென்பொருளில் எதற்காக உழைக்கிறோம் என்று புரிந்து படியுங்கள். 1981-ல் அமெரிக்காவின் கான்சாஸ் நகர ஹோட்டல் ஒன்றில், கூரையிலிருந்து தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்குவதாக முதல் வரைபடம். நீளக் கம்பிக்கு மரை போடுவது சிரமம் என்று அதை இரண்டாக மாற்றினார்கள். ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்குப் பதில், ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துத் தொங்குவது போல ஆகிவிட்டது. மேல் பாலத்தின் இணைப்புக்கு இரு மடங்கு சுமை. மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, கணக்கை மட்டும் யாரும் போடவில்லை.

பிம் மாதிரியில் ஒரு மாற்றம் எல்லோர் திரையிலும் தெரியும். அதுதான் அதன் பெரும் பயன். அந்த இடத்தில் நின்று "சுமை இப்போது எந்த வழியாக இறங்குகிறது?" என்று கேட்கும் பழக்கம் வேலைத்தளத்தில்தான் வரும். முதல் இரண்டு வருடம் அங்கே நில்லுங்கள்.

என் அப்பா கொத்தனார். டைல்ஸ், கல் வெட்டும் வேலையும் செய்கிறார். செங்கல் அடுக்கும் ரோபோ வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகக் கவலையில் இருக்கிறார். வேலை போய்விடுமா? மாலையில் இருமல் வேறு அவரைத் தூங்கவிடுவதில்லை.
*(ஒரு மகள்)*

அந்த ரோபோக்கள் நேரான, நீண்ட சுவரில் வேகமாகப் போகும். மூலை, ஜன்னல் ஓரம், பூச்சு என்று வந்தால் கொத்தனார் கைதான் வேண்டும். கம்பி கட்டும் ரோபோவும் பாலத்தளம் போன்ற சமதளங்களில்தான் நன்றாக ஓடுகிறது. கைத்திறன் உள்ளவர்கள் போதவில்லை என்பதே பல நாடுகளில் இத்துறையின் புகார். அப்பாவின் வேலை போகாது.

இயந்திரங்கள் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு தளத்தில் லிஃப்ட் குழியின் வாயைப் பிளைவுட் பலகையால் மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை. ஓர் இளைஞன் அந்தப் பலகை வேறு வேலைக்கு வேண்டுமென்று இரண்டு கையாலும் தூக்கினான். பலகை கண்ணை மறைத்தது. ஓரடி முன்னால் வைத்தான். நான்காவது மாடி. அன்றிலிருந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் தரையில் இருக்கும் மூடிகளைத்தான் முதலில் பார்ப்பேன். உயரத்தில் செய்கிற, சுமக்கிற, தூசி குடிக்கிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் எனக்கு முழுச் சம்மதம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். கல்லையும் டைல்ஸையும் உலர்வாக வெட்டும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். அந்தத் தழும்பைக் குணப்படுத்த மருந்து இல்லை. மூக்கில் துண்டு கட்டுவது அந்த நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் சொட்டிக்கொண்டே வெட்டும் கட்டர் வந்திருக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள். முகத்தோடு பொருந்தும் வடிகட்டி முகமூடியும் வேண்டும். இந்த வாரமே அழைத்துப்போய் மார்பு எக்ஸ்ரே எடுங்கள். எத்தனை வருடமாகக் கல் வெட்டுகிறார் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காசநோய் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.